அம்மன் தாங்கிய கால்

அம்மாவுக்கு நோய் வந்தது முதலில் எறும்புகளுக்குத்தான் தெரிந்தது. எங்கள் லயத்தின் கோடியில் பெண்கள் அவசரத்துக்கு ஒதுங்குகிற கானில், அதாவது மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்காலில், ஒரு நாள் காலையில் எறும்புகள் சாரை சாரையாக ஊர்ந்துகொண்டிருந்தன. அம்மா அதைப் பார்த்துவிட்டு நேரே பக்கத்துக் காம்பராச் சின்னம்மாவிடம் சண்டைக்குப் போனாள். காம்பரா என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, அதற்கு முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒரு குட்டைத் திண்ணை. இப்படிப் பத்துப் பன்னிரண்டை ஒட்டவைத்து மேலே தகரத்தைப் போட்டால் அதுதான் லயம்.

"சாயத்தண்ணி வடிச்ச தேயில மண்டியெல்லாம் கொண்டாந்து இங்கயா ஊத்துற? எறும்பு மொய்க்குது பாரு."

"நா எதுக்குக்கா ஊத்துறேன்? கூப்பன் சீனி புள்ளைங்களுக்கே காணல. கான்ல ஊத்துற அளவுக்கு எங்க வீட்டுல சீனி கொட்டிக் கெடக்கா?"

இரண்டு பேரும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் தீப்பெட்டி கேட்கும் சாக்கில் சமாதானமாகிவிட்டார்கள். அந்தச் சீனி எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இத்தனை வருஷமாக நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் பல நேரம் தோன்றுகிறது.

அப்போது அம்மாவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. இலங்கை மலைநாட்டில், கொட்டகலையிலிருந்து மேலே ஏறிப்போகிற ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். அப்பாவுக்குக் கவ்வாத்து வேலை, வளர்ந்த தேயிலையை வெட்டிக் கட்டையாக்கி விடுவது. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றுவிட்டு, அம்மாவுக்கு அடுத்த நிரையில் கூடை போட்டேன். அதனால் அவள் உடம்பில் நடந்தது எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்தான்.

மலைக்குப் போகிற வழியில் மலைத்தண்ணீர் விழுகிற எந்தப் பீலியைக் கண்டாலும் குனிந்து வாய் வைப்பாள். குடித்து முடித்த கையோடு ஒதுங்க வேண்டும் என்பாள். பதினொரு மணிக்குள் நாலு தடவை நிரையை விட்டு இறங்குவாள். கங்காணி மேலே நின்று சத்தம் போடுவார்.

"என்னா இது, கொழுந்து எடுக்க வந்தியா, கானுக்குத் தண்ணி பாச்ச வந்தியா?"

எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள். அவளுக்குக் கேலி பேசினால் கோபம் வராது. அந்த விஷயத்தில் நான் அவளைக் கொண்டு பிறக்கவில்லை.

உடம்பு இளைத்தது. ரவிக்கை தோளில் நிற்காமல் வழிந்தது. உடம்பில் சூடு ஏறிவிட்டது என்று பெண்கள் சொன்னார்கள். வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தாள். தலையைச் சுற்றிக்கொண்டு வருகிறது என்றாள். அதற்குப் பித்தம் என்று பெயர் வைத்தார்கள். ராத்திரியில் பாதம் இரண்டும் எரிகிறது என்றாள். அது வாதமாம். இப்படி ஒரே நோய்க்கு லயமே சேர்ந்து ஆளுக்கொரு பெயர் சூட்டியது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கை மருந்தும் இருந்தது.

தோட்டத்தில் உடம்புக்கு இரண்டே நிலைமைதான். காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் வந்து நின்றால் சுகம், வராவிட்டால் வருத்தம். பனி கொட்டும்போது கம்பளியைப் போர்த்திக்கொண்டு வரிசையில் நிற்கிறவளைப் பார்த்து உனக்கு நோய் இருக்கிறது என்று சொன்னால் அவளே நம்பமாட்டாள். நின்றுகொண்டே ஒருத்தி உள்ளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகலாம் என்பதற்கு எங்கள் தோட்டத்தில் பெயரும் இல்லை, இடமும் இல்லை.

ஒரு மழை நாளில் அம்மா மலையிலேயே மயங்கி விழுந்ததால்தான் டாக்கடர் ஐயாவிடம் போனோம். தோட்டத்து மருந்துச் சாலையைப் பார்க்கிறவர் அவர். முழு டாக்டர் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் எங்களுக்கு அவர்தான் டாக்கடர் ஐயா. காய்ச்சலுக்கும் வயிற்றுக் கடுப்புக்கும் ஒரே சிவப்புத் தண்ணி கொடுப்பார் என்று அவரைப் பற்றிக் கதை உண்டு. அன்றைக்கு அவர் அப்படிச் செய்யவில்லை. அம்மாவின் சிறுநீரை வாங்கி, கண்ணாடிக் குழாயில் இருந்த நீலத் தண்ணீரில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் பொடி கரைத்த மாதிரி ஆனது. கையில் ஒரு பட்டியைச் சுற்றிக் காற்றடித்தும் பார்த்தார்.

"சீனி வருத்தம். பிரஷரும் இருக்கு. இது ரெண்டும் சேந்து வந்தா ஒடம்புல ஒரு எடத்த விட்டுவைக்காது. சீனிய நிப்பாட்டணும், உப்பக் கொறைக்கணும். பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தாறேன், மாசா மாசம் போகணும்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

"சாமி, அது தொரமாருக்கு வர்ற வருத்தமில்லீங்களா? கூப்பனுக்குக் குடுக்கிற சீனி ஒரு வாரத்துக்கே வராது. எங்க ஒடம்புல எங்கயிருந்து வந்து சேந்துச்சு?"

லயத்துக்கு வந்ததும் அதையே சொல்லிச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தாள். சின்னம்மாவோ ஒருபடி மேலே போய், "அக்கா, இனிமே எங்க வீட்டுச் சாயத்தண்ணியில ஒங்க வெரல முக்கிட்டுப் போங்க" என்றாள். அட்டைகள் அம்மாவை மட்டும் தேடி வந்து கடிக்கிற காரணம் இப்போதுதான் விளங்கியது என்றார்கள். நானும் சிரித்தேன். சீனி வருத்தம் என்பது ஏதோ பதவி உயர்வு மாதிரி இருந்தது எங்களுக்கு.

அம்மா சொன்னபடி கேட்கிறவள்தான். அன்றிலிருந்து சீனியைத் தொடவில்லை. உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, ஒரு நக்கு நக்கி ஒரு மிடறு சாயத்தண்ணி குடிப்பதுதான் எங்கள் எல்லோருக்கும் பழக்கம். அம்மா சீனிக்குப் பதிலாகக் கீழே சிங்களக் கிராமத்திலிருந்து வருகிற கித்துல் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டாள். நான் கேட்டதற்கு, "சீனி கூடாதுன்னுதான சொன்னாரு, கருப்பட்டியச் சொல்லலியே" என்றாள். காலையில் ரொட்டி, மத்தியானம் ரொட்டி, ராத்திரி அரிசி இருந்தால் சோறு, இல்லாவிட்டால் மறுபடி ரொட்டி. தொட்டுக்கொள்ள உப்பும் மிளகாயும் வைத்து இடித்த சம்பல். இதில் எதை எடுத்து எதைத் தள்ளுவது? பங்களாவில் இருக்கிறவர்கள் தட்டிலிருந்து ஒதுக்கிவைக்கலாம். எங்கள் தட்டில் ஒதுக்கினால் தட்டுதான் மிஞ்சும்.

பெரியாஸ்பத்திரிக்குச் சில மாதம் ரயிலேறிப் போய்வந்தாள். மாத்திரையும் ஊசியும் கிடைத்தன. தாகம் குறைந்தது, உடம்பில் கொஞ்சம் சதை பிடித்தது. அதோடு போவதை நிறுத்திவிட்டாள். சுகமாகிவிட்ட பிறகு எதற்கு ஆஸ்பத்திரி என்பது அவள் கேள்வி. பெரட்டுக்குப் போகிறாள், கூடை நிறைக்கிறாள், பிறகு என்ன? அப்பாவும் அதையே சொன்னார். இப்போது எனக்கும் அதே நோய் இருக்கிறது. சாகிற வரைக்கும் விடாமல் மருந்து தின்ன வேண்டிய நோய் ஒன்று உலகத்தில் உண்டு என்பதை, அது தெரிந்திருக்கிற இந்தக் காலத்திலேயே என்னால் முழுதாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அவளை என்ன சொல்வது?

அடுத்து கண்ணில் வந்து நின்றது நோய். இளங்கொழுந்தையும் முற்றிய இலையையும் பிரித்தறிய அம்மாவுக்குக் கண்ணே தேவையில்லை, விரல் நுனி போதும் என்பார்கள். அந்த விரல் நுனியும் மரத்துப்போய்க்கொண்டிருந்தது, கண்ணிலும் புகை படிந்தது. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கணக்குப்பிள்ளை அவள் கூடைக்குள் கையை விட்டு, முற்றலைப் பிடி பிடியாக அள்ளி எல்லோருக்கும் முன்னால் வெளியே எறிந்தார். ஊரிலேயே நல்ல கொழுந்துக்காரி என்று பெயர் எடுத்தவள். கீழே கிடந்த இலையைக் குனிந்து உற்றுப் பார்த்தாள். அது முற்றல் என்று அப்போதும் அவளுக்குத் தெரியவில்லை. என்னிடம் காட்டி, "இது முத்தலாடி?" என்று மெதுவாகக் கேட்டாள். "இல்லம்மா, அவருக்குத்தான் கண்ணு தெரியல" என்றேன்.

அந்த மாசிமாதம் அம்மா நேர்ந்துகொண்டாள். கண் தெளிந்தால் மாரியம்மன் திருவிழாவில் பூக்குழி இறங்குவதாக முதலில் சொன்னாள். பிறகு அதையும் மாற்றிக்கொண்டாள். சாமியிடம் பேரம் பேசக்கூடாது, முதலில் இறங்குகிறேன், கண்ணை அவள் கொடுக்கட்டும் என்றாள். எரிகிற தணலில் வெறுங்காலோடு நடப்பதைத்தான் நாங்கள் பூக்குழி என்போம். மனசும் உடம்பும் சுத்தமாக இருந்தால் தணல் பூவாகிவிடும் என்பது நம்பிக்கை. கால் கொப்புளித்தால் விரதத்தில் குறை என்று அர்த்தம். ஆணுக்கு அது சாப்பாட்டில் வந்த குறையாக இருக்கலாம், குடியில் வந்த குறையாக இருக்கலாம். பெண்ணுக்குக் கொப்புளித்தால் ஊர் வேறு ஒன்றைத்தான் நினைக்கும். அதை யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள், பார்வையே சொல்லிவிடும்.

காப்புக் கட்டிய நாளிலிருந்து வாழைப்பழமும் பாலும் கருப்பட்டி போட்ட பானகமும்தான் ஆகாரம். சீனி வருத்தக்காரிக்கு இதைவிட மோசமான சாப்பாட்டை யாரும் யோசித்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் அவள் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு தெளிச்சி இருந்தது. மஞ்சள் சேலையில், கையில் வேப்பிலையோடு, தன் வாழ்க்கையை எடுத்து நடத்துகிற ஆள் தான்தான் என்பது போல நடந்தாள். அதற்கு முன்பு அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

கோயிலுக்கு முன்னால் குழி வெட்டி, பிடுங்கிப்போட்ட தேயிலைத் தூரையும் மிலாறையும் அடுக்கி எரித்திருந்தார்கள். மிலாறு என்பது கவ்வாத்து வெட்டில் விழுகிற குச்சி. அப்பா வெட்டிய குச்சியும் அதில் இருந்திருக்கும். தேயிலைக் கட்டை சீக்கிரம் சாம்பலாகாது. மற்ற கட்டை அணைந்த பிறகும் சிவந்துகொண்டே கிடக்கும். பறைமேளம் உச்சத்துக்குப் போனது. ஆண்கள் ஓட்டமும் பாய்ச்சலுமாகக் கடந்து எதிர்ப்பக்கத்தில் இருந்த பால் குழியில் போய் விழுந்தார்கள். பல்லைக் கடித்தவர்களும் இருந்தார்கள், அலறியவர்களும் இருந்தார்கள்.

அம்மா நடந்தாள். ஓடவில்லை. பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறவளின் நடை. குழியின் நடுவில் அவளுக்குத் திசை மங்கியதோ என்னவோ, ஒரு நொடி நின்று, பம்பைச் சத்தம் வந்த பக்கம் திரும்பி, மறுபடி நடந்தாள். தணலுக்கு நடுவே நின்றவளைப் பார்த்ததும் கூட்டம் அப்படியே அடங்கிப்போனது. பிறகு "ஆத்தா!" என்று ஒரே சத்தம். பால் குழியை விட்டு அவள் ஏறியதும் பூசாரியே காலில் விழுந்தார். கணக்குப்பிள்ளை பெண்சாதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து திருநீறு பூசச் சொன்னாள். நானும் விழுந்தேன். என் நெற்றி அம்மாவின் ஈரப் பாதத்தில் பட்டது.

"சூடே தெரியலடி," என்றாள் அம்மா. அவள் முகமெல்லாம் கண்ணீர். "பஞ்சு மேல நடந்த மாதிரிதான் இருந்துச்சு. ஆத்தா எங் கையப் புடிச்சிக்கிட்டு கூடவே வந்தா. பாத்தியா நீ?"

பார்த்தேன் என்றேன். அப்போது அது பொய் இல்லை.

அடுத்த சில நாள் எங்கள் இஸ்தோப்பு கோயிலாக இருந்தது. காய்ச்சல் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள், கல்யாணம் கூடாத பெண்ணைக் கொண்டுவந்தார்கள். கங்காணிகூட நிரையில் மரியாதையாகப் பேசினார். அம்மா வேலைக்கும் போனாள், திருநீறும் பூசினாள். கண் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருக்கிறது என்றுகூடச் சொன்னாள். இப்போது எழுதும்போது, அவள் சந்தோஷமாக இருந்தாள் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு காலையில் சாணி மெழுகிய தரையில் அம்மா நடந்த இடமெல்லாம் ஈரத்தடம் இருந்தது. தண்ணீர் கொட்டிவிட்டாளோ என்று குனிந்து தொட்டேன். விரலில் பிசுபிசுத்தது. நாற்றமும் அடித்தது. அவளைப் பிடித்து உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு உள்ளங்காலும் வெந்து, தோல் கழன்று கிடந்தது. வலது காலில் குதியிலிருந்து விரல் வரை ஒரே புண். அதில் மண்ணும் தேயிலைச் சருகும் ஒட்டியிருந்தன. அவள் அதன்மேல் நின்றுகொண்டுதான் மலைக்குப் போய் வந்திருக்கிறாள். அவளால் அதைப் பார்க்கவும் முடியவில்லை, உணரவும் முடியவில்லை.

என்ன இருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். சட்டென்று காலை இழுத்துச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"யாருகிட்டயும் சொல்லாத. ஒங்கப்பாகிட்டகூட."

"அம்மா, டாக்கடர் ஐயாகிட்டயாவது..."

"கொப்புளிச்சிருச்சுன்னு தெரிஞ்சா என்னா பேசுவாங்கன்னு ஒனக்குத் தெரியாதா? நீ வயசுக்கு வந்த புள்ள. ஒன்னயும் சேத்துப் பேசுவாங்க."

நான் சொல்லவில்லை. அதைக் குற்றம் என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை, யாராவது நினைத்தால் அவர்கள் அந்த லயத்தில் ஒரு மாதம் குடியிருந்துவிட்டு வந்து என்னிடம் பேசட்டும். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினேன், பழைய துணியைக் கிழித்துக் கட்டினேன். படுத்துவிட்டால் கேள்வி வரும் என்பதால் அம்மா தினமும் பெரட்டுக்குப் போனாள். மழைச் சேற்றில் கட்டு நனைந்து கனத்தது. அட்டைகள் கட்டுக்குள்ளேயே ஏறின. அவளுக்கு ஒன்றும் வலிக்கவில்லை. அதுதான் கொடுமை. கொஞ்சம் வலித்திருந்தால் வீட்டில் இருந்திருப்பாள். வலித்திருந்தால் அந்தத் தணலில் முதல் அடியிலேயே காலை எடுத்திருப்பாள். வலி என்பது எவ்வளவு பெரிய சொத்து என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இப்போது கல் குத்தினால் எனக்குச் சந்தோஷம்தான்.

புண் கறுத்தது. பெருவிரல் கரிக்கட்டையாகிவிட்டது. காய்ச்சல் வந்து அம்மா பிதற்றத் தொடங்கியதும் காம்பராவின் நாற்றத்தை இனி மறைக்க முடியவில்லை. அப்பா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு இஸ்தோப்பில் போய் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். டாக்கடர் ஐயா ஓடிவந்தார். எங்களைத் திட்ட வாயைத் திறந்தவர், அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கொழுந்து லொறியில் சாக்கை விரித்துப் படுக்கவைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே இருந்த டாக்டர் சிங்களவர், நல்ல மனுஷன். அவருக்குத் தமிழ் வராது. எங்கள் தோட்டத்துக்குக் காய்கறி விற்க வரும் கிராமத்துப் பெண்களோடு பேசிப் பேசி எனக்குச் சிங்களம் வரும். அதனால் நடுவில் நான் நின்றேன். அவர் அம்மாவை வேறு பக்கம் பார்க்கச் சொல்லிவிட்டு, அவ்வளவாகக் கெடாத இடது காலில் ஊசியால் நாலைந்து இடத்தில் குத்தினார். குத்தும்போது சொல்லச் சொன்னார். அம்மா வெகுநேரம் காத்திருந்துவிட்டு, "எப்பக் குத்துவாரு?" என்று என்னிடம் கேட்டாள்.

டாக்டர் என்னிடம் பொறுமையாகச் சொன்னார். சீனி ஏறி ஏறிக் காலின் நரம்பு எப்போதோ செத்துவிட்டது. கண்ணில் விழுந்த புகையும் அதுதான். முகம் லேசாக வீங்கியிருப்பது சிறுநீரகம் கெடுவதால், பிரஷரும் அதைச் சேர்ந்து கெடுக்கிறது. வெவ்வேறு நோய் இல்லை, எல்லாம் ஒன்று. வலது காலை முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விஷம் ஏறி ஒரு வாரம் தாங்கமாட்டாள். அவளே சம்மதிக்க வேண்டும்.

காலை எடுக்க வேண்டும் என்பதை மட்டும் முதலில் சொன்னேன். அம்மா தலையை ஆட்டினாள்.

"முடியாதுன்னு சொல்லு. இது ஆத்தா தாங்குன காலு. அவ பாத்துக்குவா."

அப்பா கெஞ்சினார். அவள் அசையவில்லை. அவ்வளவு மெலிந்த உடம்புக்குள் அத்தனை பிடிவாதம் இருந்தது. டாக்டர் என்னைப் பார்த்து, காரணத்தைச் சொன்னாயா என்று கேட்டார். நான் சொல்லவில்லை. அவரால் சொல்ல முடியாது, அப்பாவுக்கு அவர் பேசியது விளங்காது. அங்கே அதைச் சொல்லக்கூடிய வாய் ஒன்றுதான் இருந்தது. அது என்னுடையது.

"அம்மா, ஒங் காலுக்கு முன்னாலயே உணர்ச்சி போயிருச்சாம். தீமிதிக்கும் முன்னாடியே. வருத்தத்தாலதான் ஒனக்குச் சூடு தெரியல. ஆத்தா இல்லம்மா."

அம்மா என் குரல் வந்த பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எதையோ நினைத்துப் பார்க்கிற முகம்.

"அப்ப அன்னைக்கிக் குழியில எங்கூட யாரும் வரலியா?"

நான் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். அம்மா கைக் கட்டைவிரலை நீட்டி, "எங்க வைக்கணுமோ வைக்கச் சொல்லு" என்றாள்.

காலை எடுத்தார்கள். அம்மா உயிரோடு தோட்டத்துக்கு வந்தாள். காப்பாற்றிவிட்டோம் என்று நாங்களும் நினைத்தோம். அவள் திரும்பி வந்தபோது இஸ்தோப்புக்கு யாரும் பிள்ளையைக் கொண்டுவரவில்லை. பீலிக்கரையில் பேச்சு நடந்தது. விரதத்தில் என்னவோ குறை என்றார்கள். முன்பு அவள் காலைத் தொட்ட கைகளை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. சின்னம்மா மட்டும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "எங்கக்காவப் பத்திப் பேசுறவ வாய் வெந்து போகும்டி" என்று சண்டை போட்டுவிட்டு வந்தாள்.

சுவரில் மாரியம்மன் படம் இருந்தது. அம்மா அதன் பக்கம் திரும்பவே இல்லை. விளக்கு வைக்கவா என்று கேட்டால், "ஒனக்கு வேணும்னா வையி" என்பாள். அம்மனை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திட்டுவதற்கு எதிரே ஒருத்தி வேண்டுமே. அந்த ஒருத்தியை அவளிடமிருந்து நான் எடுத்துவிட்டேன், அதற்குப் பதிலாக டாக்டர் கொடுத்தது எட்டு மாதம்.

அந்த எட்டு மாதத்தில் நோய் எதையும் மிச்சம் வைக்கவில்லை. கண் முழுக்க இருண்டது. முகமும் வயிறும் ஊதின. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துப் பின்னால் வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாள். மிச்சமிருக்கிற காலைக் கண்ணைப் போலப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர். தினமும் வேலை முடிந்து வந்ததும் வெந்நீரில் துடைத்து, புண் இருக்கிறதா என்று பார்த்து, விரல் விரலாக அமுக்கி, "தெரியுதாம்மா?" என்று கேட்பேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. செத்த நரம்பு திரும்பாது என்று எனக்கே சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு நாளும் அவள், "தெரியல புள்ள" என்பாள். ஏதோ தன் தப்பு போலச் சொல்வாள்.

கடைசி வாரத்தில் ஒரு நாள், பெரும் மழையால் மத்தியானத்தோடு வேலை நிறுத்திவிட்டார்கள். தகரத்தின் மேல் விழுகிற மழையில் வேறு எதுவும் கேட்கவில்லை. வெந்நீர்ச் சட்டியைக் கொண்டுவந்து அம்மாவின் காலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அதற்கு மேல் என்னால் கையைத் தூக்க முடியவில்லை. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். மழைச் சத்தத்தில் அவளுக்குக் கேட்காது என்று நினைத்தேன்.

அம்மா கையை நீட்டித் துழாவினாள். என் தலை அகப்பட்டது.

"அழுவாத. தெரியுது புள்ள," என்றாள். "இன்னைக்கி நல்லாத் தெரியுது, நீ அமுக்குறது."

நான் இன்னும் அவள் காலிலிருந்து கம்பளியை விலக்கவே இல்லை.